கோப்பு கணினிக்கு வந்துவிட்டது, வேலைநேரம் ஏன் நெகிழவில்லை? (நகராட்சி, ஊராட்சி அலுவலக நண்பர்கள் கவனத்துக்கு)

நகராட்சி மேலாளர் · ஞாயிறு, காலை 10.15

வணக்கம் நண்பர்களே. மேற்கு மாவட்டம் ஒன்றில் நகராட்சி மேலாளராக இருக்கிறேன். துறையில் 22 வருடம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஓர் உதவியாளர். 12 மாத மகப்பேறு விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பியவர். வீடு 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, இரண்டு பஸ் மாற வேண்டும். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி ஏழரைக்குத்தான் குழந்தை முகத்தைப் பார்க்கிறார். அவர் இருக்கையில் இருக்கும் வேலை தணிக்கைத் தடைகளுக்குப் பதில், நீதிமன்ற வழக்கு மனுக்களுக்குப் பத்தி பத்தியாக எழுதும் பதில் (பத்திவாரிக் குறிப்புரை), மேலிடம் கேட்கும் விவர அறிக்கை. பொதுமக்கள் யாரும் அவரைத் தேடி வருவதில்லை. ஒரு நாள் சாயங்காலம் என் மேசைக்கு வந்து, "சார், வாரத்தில் ரெண்டு நாள் வீட்டிலிருந்தே பார்க்கட்டுமா? கோப்பெல்லாம் இ-ஆபீஸில்தானே இருக்கு" என்று கேட்டார். (இ-ஆபீஸ், கோப்பைக் கணினியிலேயே நகர்த்தும் அரசு மென்பொருள்.) முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆணையரிடம் பேசினேன். மூன்று வாரம் சோதனையாகப் பாருங்கள் என்றார். இந்த உதவியாளர், இன்னும் மூன்று பேர். ஆளுக்கு வாரம் இரண்டு நாள்.

முதல் திங்கட்கிழமையே 10.20-க்கு உதவியாளரிடமிருந்து போன் வந்துவிட்டது. வழக்குக் கோப்பு இ-ஆபீஸில் இருந்தது உண்மைதான். ஆனால் அதன் மூலக் கோப்பு 2011-ஆம் வருடத்தது, துணியில் கட்டிப் பதிவறையில் கிடக்கிறது. இளநிலை உதவியாளர் ஒருவர் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு பக்கமாகத் தன் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மொத்தம் 64 படம். பாதி மங்கல். ஒரு பக்கத்தில் அவருடைய கட்டைவிரலே தேதியை மறைத்திருந்தது, அதைத் திரும்ப எடுத்தார். மதியம் என்னிடம் வந்து, "சார், அவங்க வீட்டில் இருக்காங்க, அவங்க வேலையை இங்கே நான் பார்க்கிறேன்" என்றார். அந்தப் பையன் சொன்னதில் தப்பு இல்லை.

அடுத்தது நேரம். உதவியாளர் வீட்டில் இருக்கும் நாள்களில் ராத்திரி ஒன்பதரைக்கும் அவருக்குச் செய்தி போனது. நானும் அனுப்பியிருக்கிறேன். "வீட்டில்தானே இருக்கீங்க, இதை ஒரு பார்வை பாருங்க" என்று. மூன்றாவது வாரம் முடியும்போது அவரே வந்து, "சார், நான் ஆபீஸுக்கே வந்திடறேன், அதுவே பரவாயில்லை" என்றார். அது எனக்குப் பெரிய வருத்தம்.

2020 மே மாதம் பாதிப் பாதி ஆளாக, வாரம் ஆறு நாள், இரண்டு இரண்டு நாள் முறை வைத்து வேலை பார்த்தோமே, அப்போது கூட இத்தனை மனக்கசப்பு வரவில்லை. இப்போது கருவி நிறைய இருக்கிறது, ஆனால் நிலைமை மோசமாகிறது. எங்கே பிசகினோம்? உங்கள் அலுவலகத்தில் யாராவது இதைச் சரியாகச் செய்திருக்கிறீர்களா?

---

ஊராட்சிச் செயலர் · ஞாயிறு, காலை 11.40

சார், வாட்ஸ்அப் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களே, அங்கேதான் பிசகு.

என் போனில் அலுவலகக் குழு மட்டும் 17 இருக்கிறது. ஒன்றியத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று, குடிநீர், தெருவிளக்கு, வீட்டுவரி, வீடு கட்டும் திட்டம், மழைக்காலம் வந்தால் அதற்குத் தனியாக ஒன்று. சாயங்காலம் 4.10-க்கு "அனைவரும் 5 மணிக்குள் விவரம் அனுப்பவும்" என்று வரும். நான் அப்போது மோட்டார் ரூமில் நிற்பேன். ஒரே மேல்நிலைத் தொட்டிக் கணக்கை நாலு குழுவுக்கு நாலு படிவத்தில் அனுப்பியிருக்கிறேன். நெகிழ்வான வேலைநேரம் எங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது சார். ஆனால் நெகிழ்வது கேட்பவருக்கு மட்டும்.

நல்லதும் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஒன்றிய அலுவலகக் கணினி இயக்குபவர் போன வருடம் ஒரு கூகுள் ஷீட் போட்டார். ஊராட்சிக்கு ஒரு வரி. அவரவர் வரியை அவரவர் நேரத்தில் நிரப்ப வேண்டியது. அன்றோடு சாயங்கால போன் நின்றது. முதல் வாரத்தில் யாரோ ஒருவர் ஒரே ஒரு பத்தியை மட்டும் அகர வரிசைப்படுத்தி, எங்கள் தொட்டிக் கணக்கெல்லாம் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. அப்புறம் ஊர்ப்பெயர் பத்தியைப் பூட்டினார், பழைய பதிப்பை மீட்டார். இப்போது காலை ஆறு மணிக்குத் தண்ணீர் திறந்துவிட்டு அங்கேயே நின்று நிரப்பிவிடுகிறேன். எனக்கு அதுதான் நெகிழ்வு.

டோக்கன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊராட்சிப் பணம் இப்போது டிஜிட்டல் கையொப்பத்தில் போகிறது. பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கன், ஒருவர் பட்டியலை ஏற்ற வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்த பிறகு, ஒரே அதிகாரி பல ஊராட்சிக்குக் கையொப்பம் போடுகிறார். எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று எத்தனை மென்பொருள் வந்தாலும், அந்தப் பென்டிரைவ் எந்த மேசையில் செருகியிருக்கிறதோ அங்கேதான் வேலை நடக்கும். இரண்டு டோக்கனையும் பின் நம்பரையும் ஒரே ஆளிடம் கொடுத்து "நீயே பார்த்துக்க" என்று விடுவதும் சில இடங்களில் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தணிக்கையில் பதில் சொல்லப் போவது கையொப்பக்காரர்.

---

தன்பதிவேடு · ஞாயிறு, மாலை 4.05

ஓய்வுபெற்ற ஆணையர் நான். எதிர்க்கருத்துதான், ஆனால் மனதில் இருப்பதைச் சொல்கிறேன்.

மக்கள் நம் அலுவலகத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள். என் பணிக்காலத்தில் ஒரு வயதான அம்மா, கணவரின் இறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த ஐந்து முறை வந்தார். ஐந்து முறையும் அவர் கேட்ட பதில் "சீட்டில் ஆள் இல்லம்மா". ஒரு நாள் விடுப்பு, ஒரு நாள் கூட்டம், ஒரு நாள் நீதிமன்றம், எல்லாமே நியாயமான காரணம்தான். ஐந்தாவது முறை என் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். சான்றிதழை நானே உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன், ஆனால் அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இன்றைக்கு வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து என்று ஆணை போட்டால், "சீட்டில் ஆள் இல்லை" என்பதற்கு அரசாணையே கிடைத்துவிடும். உங்கள் உதவியாளர் மீது எனக்கு இரக்கம் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

---

நகராட்சி மேலாளர் · ஞாயிறு, மாலை 6.30

ஐயா, இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். அந்த அம்மா ஐந்து முறை வந்ததற்குக் காரணம் ஆள் இல்லாதது மட்டுமா? அந்த மனு எங்கே நிற்கிறது என்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். உங்கள் பெயரில் இருக்கும் அதே தன்பதிவேட்டைத்தான் சொல்கிறேன். மனு வந்த தேதி, ந.க. எண் (கோப்பின் எண்), என்ன நடவடிக்கை, எங்கே அனுப்பியது, எல்லாம் அந்த நோட்டில் அந்த ஆள் கையெழுத்தில். அவர் மேசையைப் பூட்டிவிட்டுப் போனால் அலுவலகம் முழுக்க ஆள் இருந்தும் பதில் இல்லை.

கவுன்டரில் இருக்கும் யாராக இருந்தாலும் எண்ணைத் தட்டி, "அம்மா, உங்கள் மனு சுகாதார ஆய்வாளரிடம் இருக்கிறது, வியாழக்கிழமை கையொப்பமாகும், போன் வரும்" என்று சொல்ல முடிந்தால், இருக்கையில் ஆள் இருப்பதும் இல்லாததும் அந்த அம்மாவுக்கு ஒன்றுதான். அவர் ஒரே நாள் கூலியோடு தப்பிப்பார்.

---

வெண்கோல் · ஞாயிறு, இரவு 9.10

பார்வையற்றவன் நான். ஒரு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் உதவியாளர். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்துத்தான் கணினியில் வேலை. கூட்டுவேலை மென்பொருள் என்று எல்லோரும் பேசும்போது யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எழுத்துரு. நம் அலுவலகங்களில் இன்னும் பாதி ஆவணம் வானவில் எழுத்துருவில்தான் தட்டச்சாகிறது. கண்ணுக்குத் தமிழ் மாதிரி தெரியும். கணினிக்கு அது தமிழ் இல்லை, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒரு சரம். என் திரைவாசிப்பான் அதை எழுத்து எழுத்தாக ஆங்கிலத்தில் படிக்கிறது. "அலுவலகம்" என்ற வார்த்தை என் காதில் அர்த்தமில்லாத ஓசையாக விழுகிறது. பார்வை உள்ளவர்களுக்கும் இது சிக்கல்தான். அந்த எழுத்துரு இல்லாத வீட்டுக் கணினியில் திறந்தால் அவர்களும் அதே குப்பையைத்தான் பார்ப்பார்கள். தேடினால் கிடைக்காது. போனில் திறக்கவே முடியாது. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்யச் சொல்லி 2010-லேயே அரசாணை வந்துவிட்டது. இத்தனை வருடம் ஆகியும் "எனக்கு வானவில்தான் கை வரும்" என்கிறார்கள்.

மேலாளர் சார், உங்கள் 64 படமும் இதே கதைதான். படமாக வந்த பக்கம் எனக்கு வெற்றுத்தாள்.

ஒருங்குறியில் தட்டச்சான கோப்பு வரும் நாளில் எனக்கு யார் துணையும் வேண்டாம். வீட்டிலிருந்து பார்த்தாலும் அலுவலகத்திலிருந்து பார்த்தாலும் என் வேகம் ஒன்றுதான், மழை நாளில் மூடாத பள்ளத்தைத் தாண்டி வர வேண்டிய பயம் இல்லை என்பதுதான் வித்தியாசம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ல் 20-ஆம் பிரிவு, அரசு நிறுவனம் ஒவ்வொன்றும் நியாயமான இணக்க ஏற்பாடு செய்து தர வேண்டும் என்கிறது. நான் கேட்பது அந்த ஏற்பாட்டைத்தான்.

---

ஈஸ்ட்ஹாம் · திங்கள், அதிகாலை 2.20

கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலில் வேலை. வீட்டுவாடகை உதவித்தொகைப் பிரிவு. இங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன், எடுத்துக்கொள்ள முடிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நெகிழ்வு என்றால் வீட்டிலிருந்து பார்ப்பது மட்டும் இல்லை. எங்கள் பிரிவில் ஒருவர் ஐந்து நாள் வேலையை நாலு நீண்ட நாளில் முடிக்கிறார். ஒருவர் பள்ளி நடக்கும் மாதங்களில் மட்டும் வருகிறார். ஒரே பதவியை இரண்டு பெண்கள் பகிர்ந்து பார்க்கிறார்கள். திங்களிலிருந்து புதன் மதியம் வரை ஒருவர், அதற்குப் பிறகு மற்றவர். புதன்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் இருவரும் சேர்ந்து இருப்பார்கள். ஒன்நோட் என்ற பொதுக் குறிப்பேட்டு மென்பொருளில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். யாரிடம் என்ன சொன்னோம், யார் திரும்பக் கூப்பிடுவார், எந்த மனு எந்தத் தாளுக்காகக் காத்திருக்கிறது, எல்லாம் அதில். அழைப்பவருக்கு எந்தப் பெண் எடுத்தாலும் விவரம் தெரியும். தன்பதிவேடு ஐயா கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அந்த ஒரு பக்கம்தான்.

இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 6 முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளே நெகிழ்வு கேட்டு விண்ணப்பிக்கலாம். வருடத்துக்கு இரண்டு முறை. இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். கேட்பதற்கு உரிமை, கிடைப்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனாலும் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவது பெரிய விஷயம். உங்கள் உதவியாளர் மேலாளரின் மனசை நம்பி வந்து நிற்க வேண்டியிருந்தது. மேலாளர் மாறினால் என்ன ஆகும்?

கருவி என்று பார்த்தால் டீம்ஸ் என்ற கூட்டுவேலை மென்பொருள்தான் எல்லாம். ஆனால் வீடியோ கூட்டம் அதில் சின்னப் பகுதி. ஒரே ஆவணத்தை மூன்று பேர் ஒரே நேரத்தில் திருத்துவது, பிரிவுக்கு ஒரு பொது உரையாடல் இடம் இருப்பது, மேசை போன் போய் மடிக்கணினியிலேயே அழைப்பு வருவது, இவைதான் வேலையை மாற்றின. மடிக்கணினி கவுன்சிலுடையது. சொந்தப் போனில் மனுதாரர் விவரம் எடுக்கக் கூடாது. அலுவல் விஷயம் சொந்த வாட்ஸ்அப்பில் இருந்தாலும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் தேடிக் கொடுத்தாக வேண்டும் என்பது இங்கே தெளிவான நிலை.

பக்கத்தில் ஹாக்னி கவுன்சில் மீது 2020 அக்டோபரில் இணையத் தாக்குதல் நடந்தது. உதவித்தொகை, வீடு வாங்குபவர்களுக்கான சொத்து விவரச் சரிபார்ப்பு எல்லாம் மாதக்கணக்கில் தடுமாறின. அதற்குப் பிறகு இரட்டைக் கடவுச்சொல் முறையை யாரும் எங்களிடம் தொந்தரவு என்று சொன்னதில்லை.

இன்னும் நாங்கள் தீர்க்காத ஒன்று: புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள். நான் வேலை கற்றது பக்கத்து மேசையில் பெரியவர்கள் போனில் பேசுவதைக் காதில் வாங்கித்தான். வீட்டில் தனியாக உட்கார்ந்த ஒருவருக்கு அது எப்படிக் கிடைக்கும்? அதற்காகவே இப்போது வாரத்தில் ஒரு நாள் பிரிவு முழுக்க ஒன்றாக வருகிறோம். அன்று வீடியோ கூட்டம் வைப்பதில்லை.

---

வரிவசூல் · திங்கள், காலை 7.45

எல்லோரும் மேசை வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பில் கலெக்டர், இப்போது பெயர் வருவாய் உதவியாளர். காலையில் வார்டுக்குப் போனால் கையில் ஒரு கருவி, ரசீது அங்கேயே வந்துவிடும். அப்புறமும் சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். வசூல் விவரம் எல்லாம் சர்வரில் நொடியில் தெரியும்போது அந்தக் கையெழுத்துக்கு எட்டு கிலோமீட்டர் எதற்கு என்று கேட்டால் "அது அப்படித்தான்" என்கிறார்கள்.

தூய்மைப் பணியாளர்கள் காலை ஆறு மணிக்கு வருகைப்பதிவு வைக்க வேண்டும். அதில் பெண்கள் நிறைய. முதல் பஸ் வருவதற்கு முன்னால் எத்தனை பேர் நடந்து வருகிறார்கள் தெரியுமா? அவர்களுக்கு எந்த மென்பொருளாலும் வீட்டிலிருந்து வேலை கொடுக்க முடியாது. ஆனால் முறையை மாற்றிக்கொள்ளலாம், ஒருவருக்கு ஒருவர் நாளை மாற்றிக்கொள்ளலாம். அதை இன்றைக்கு மேஸ்திரியின் தயவில் செய்கிறார்கள்.

உங்கள் பேச்சில் இவர்கள் இல்லை என்றால், நாளைக்கு மேசைக்காரர்களுக்கு மட்டும் சலுகை என்று சங்கத்தில் பிரச்சினை வரும். நானே எழுப்புவேன்.

---

ஈஸ்ட்ஹாம் · திங்கள், மாலை 5.10

வரிவசூல் தோழர் சொன்னது மிகச் சரி. தென் கேம்பிரிட்ஜ்ஷயர் கவுன்சில் 2023 ஜனவரியில் சம்பளம் குறைக்காமல் வாரம் நாலு நாள் வேலை என்று சோதனை தொடங்கியது. முதலில் அலுவலக ஊழியர்கள். அதே வருடம் குப்பை அள்ளும் வண்டிக்காரர்களையும் சேர்த்தார்கள். அதற்காக ஊர் முழுக்கக் குப்பை எடுக்கும் நாள், வண்டி போகும் வழி எல்லாவற்றையும் மாற்றிப் போட்டார்கள். அமைச்சர்கள் நிறுத்தச் சொன்னார்கள், பத்திரிகைகள் சத்தம் போட்டன. 2025 ஜூலையில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். அவர்களால் முடிந்ததற்குக் காரணம் வீடியோ கூட்டம் இல்லை, வழித்தடத்தைத் திருப்பி வரைந்தது.

---

கொழிஞ்சாம்பாறை · திங்கள், இரவு 8.00

பாலக்காடு பக்கம், வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம். கிராம பஞ்சாயத்தில் கிளார்க்.

எங்களுக்கு கே-ஸ்மார்ட் என்று ஒரே மென்பொருள். கேரள அரசின் இன்பர்மேஷன் கேரளா மிஷன் செய்தது. 2024 ஜனவரி 1 முதல் நகராட்சி, மாநகராட்சிகளில், 2025 ஏப்ரலில் கிராம பஞ்சாயத்துகளுக்கும் வந்தது. பிறப்பு, இறப்பு, கல்யாணம், வரி, கட்டட அனுமதி எல்லாம் அதிலேயே. கல்யாணப் பதிவுக்குக் கணவன் துபாயிலும் மனைவி இங்கேயும் இருந்தால் கூட வீடியோவில் அடையாளம் சரிபார்த்து முடித்துவிடலாம். முன்னால் இரண்டு பேரும் வந்து நிற்க வேண்டும் என்பதற்காக விமான டிக்கெட் எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

வந்த புதிதில் சிரமம் இருந்தது. பழைய மென்பொருளில் இருந்த கோப்பு ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம், கூட்டம் கவுன்டரில். இப்போது ஒரு மனு யார் கையில், எத்தனை நாளாக என்று எனக்கும் தெரியும், செயலாளருக்கும் தெரியும், மனு கொடுத்தவருக்கும் போனில் தெரியும். கோப்பை மறைக்க இடம் இல்லை. அந்தப் பயம் முதலில் எல்லோருக்கும் இருந்தது, எனக்கும்தான்.

எங்களுக்கும் வீட்டிலிருந்து வேலை என்று நிரந்தர முறை கிடையாது. ஆனால் மழைக்காலத்தில் சாலை மூழ்கிய ஒரு நாள் நாலு பேர் வர முடியவில்லை. வீட்டிலிருந்தே உள்ளே போய்க் கோப்பைத் தள்ளினார்கள். மறுநாள் யாரும் வந்து "ஏன் தாமதம்" என்று கேட்கவில்லை.

---

யாழ் கந்தோர் · செவ்வாய், காலை 6.50

வணக்கம். நான் இலங்கையின் வடக்கில் ஒரு பிரதேச சபையில் வேலை செய்கிறேன். எங்களுக்கு நெகிழ்வு வந்தது பெற்றோல் இல்லாமல்.

2022 ஜூன் மாதம். பெற்றோல் வரிசையில் ஆட்கள் இரவு பகலாக நின்ற காலம். அரச ஊழியர்களை வீட்டில் இருந்து வேலை செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது, கந்தோருக்கு அத்தியாவசியமான ஆட்கள் மட்டும். வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை, வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்றும் சொன்னார்கள், மூன்று மாதத்துக்கு. நான் கத்தரியும் பயிற்றையும் போட்டது உண்மை.

ஆனால் வேலை? கோப்பு எல்லாம் கடதாசி. வீட்டில் மடிக்கணினி இல்லை, போன்தான். மின்சாரம் எப்ப வரும் எப்ப போகும் என்று தெரியாது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாடு. வீட்டில் இருந்து வேலை என்பது வீட்டில் இருப்பது என்றுதான் முடிந்தது. சனம் சபைக்கு வந்து பூட்டின கதவைப் பார்த்துவிட்டுப் போனது.

எனக்கு அதில் விளங்கினது இதுதான். அவசரம் வந்த பிறகு ஒழுங்கு செய்ய ஏலாது. இப்ப எல்லாம் சுமுகமாக இருக்கிற நேரத்தில் அந்த 2011 கோப்புக் கட்டை அவிழ்த்து ஸ்கான் பண்ணி வையுங்கோ மேலாளர் ஐயா. அது செலவான வேலை, சலிப்பான வேலை. ஆனால் அதுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

---

தன்பதிவேடு · செவ்வாய், காலை 9.30

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு புள்ளியில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். நான் ஆளைத் தேடினேன், அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது பதில். ஆனால் ஒரு நிபந்தனை கேட்பேன். கவுன்டரில் முதல் நாள் வந்த இளநிலை உதவியாளராக இருந்தாலும் எந்தக் கோப்பின் நிலையையும் பார்க்கும் அனுமதி வேண்டும், திருத்தும் அனுமதி வேண்டாம். இது இல்லாமல் எந்தப் பிரிவுக்கும் வீட்டு நாள் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ராத்திரி செய்தி விஷயம். எங்கள் காலத்தில் அலுவலகம் பூட்டினால் வேலை பூட்டியது. அதை நீங்கள் இழந்துவிட்டீர்கள் என்பது இந்த இழையில்தான் எனக்கு உறைத்தது. ஆணையர் முதலில் நிறுத்தினால் மற்றவர்கள் நிறுத்துவார்கள். கீழேயிருந்து அதை நிறுத்த முடியாது.

---

ஊராட்சிச் செயலர் · செவ்வாய், மதியம் 1.15

ஐயா சொன்னதைப் படச்சட்டம் போட்டு எங்கள் ஒன்றிய அலுவலகத்தில் மாட்ட வேண்டும்.

---

நகராட்சி மேலாளர் · வெள்ளி, இரவு 8.20

மன்னிக்கவும், இடையில் நாலு நாள் எழுத முடியவில்லை. இந்த இழையை அச்செடுத்து ஆணையரிடம் கொடுத்தேன். அவர் வெண்கோல் எழுதியதையும் வரிவசூல் எழுதியதையும் இரண்டு முறை படித்தார். இன்று மதியம் உட்கார்ந்து பேசி எழுத்தில் ஓர் அலுவலகக் குறிப்பு போட்டிருக்கிறோம்.

வீட்டு நாளுக்குக் கோப்பு தயாரா என்பதுதான் முதல் கேள்வி, ஆள் யார் என்பது இல்லை. எந்த இருக்கையின் நடப்புக் கோப்புகளும் அவற்றின் மூலக் கோப்புகளும் இ-ஆபீஸில் ஏறிவிட்டனவோ அந்த இருக்கைக்கு மட்டும் வாரம் இரண்டு நாள். கேட்பவர் எழுத்தில் கேட்க வேண்டும், 15 நாளில் எழுத்தில் பதில். ஸ்கேன் செய்வதற்கு இரண்டு பேரை ஒரு மாதம் தனியாக விட்டிருக்கிறோம். அதில் ஒருவர் அந்தக் கட்டைவிரல் பையன். அது அவருடைய கூடுதல் வேலை இல்லை, அந்த மாதத்துக்கு அதுதான் வேலை என்று குறிப்பில் எழுதியிருக்கிறோம். அவருடைய இருக்கையை நான் பார்க்கிறேன்.

மாலை ஆறு மணிக்குப் பிறகு உடைப்பு, வெள்ளம், தீ தவிர வேறெதற்கும் குழுவில் செய்தி கிடையாது. கோப்பு பற்றி வாட்ஸ்அப்பில் எதுவும் கேட்கக் கூடாது, கோப்பின் குறிப்பிலேயே கேட்க வேண்டும். ஆணையர் தானே இதை முதலில் குழுவில் போட்டார்.

கவுன்டருக்குப் பார்க்கும் அனுமதி கேட்டு மாவட்டத் தகவலியல் அலுவலருக்குக் கடிதம் போயிருக்கிறது. அது வரும்வரை கவுன்டர் பிரிவுக்கு வீட்டு நாள் இல்லை. தன்பதிவேடு ஐயாவின் நிபந்தனை அப்படியே.

தூய்மைப் பணியாளர் விஷயத்தில் நான் நினைத்த அளவு நகரவில்லை. முறை மாற்றிக்கொள்வதை மேஸ்திரியின் வாய்ச்சொல்லிலிருந்து ஒரு பதிவேட்டுக்குக் கொண்டுவருகிறோம், இரண்டு பேரும் சம்மதித்தால் மேஸ்திரி மறுக்க முடியாது. வருகைப்பதிவை வார்டு அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ள அடுத்த மன்றக் கூட்டத்தில் வைக்கிறோம். வரிவசூல், உங்கள் மாலைக் கையெழுத்து போல எங்கள் அலுவலகத்திலும் ஒன்று இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து இல்லை.

---

வெண்கோல் · வெள்ளி, இரவு 9.05

எழுத்துரு?

---

நகராட்சி மேலாளர் · வெள்ளி, இரவு 9.20

எல்லாக் கணினியிலும் ஒருங்குறி விசைப்பலகை போட்டாயிற்று. பழைய தட்டச்சுப் பயிற்சி உள்ளவர்களுக்கு அதே தட்டச்சு அமைப்பிலேயே ஒருங்குறி வரும்படி அமைத்துக் கொடுத்திருக்கிறோம், விரல் பழக்கம் மாற வேண்டியதில்லை. வானவில்லில் இருக்கும் கடித மாதிரிகளை ஒவ்வொன்றாக மாற்றுகிறோம், இன்று வரை 31 முடிந்திருக்கிறது. ஸ்கேன் செய்யும் மூலக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் முகப்பில் ஒரு பக்கம், எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒருங்குறியில் தட்டச்சு செய்கிறோம்.

உதவியாளரிடம் இன்று சாயங்காலம் குறிப்பின் நகலைக் கொடுத்தேன். அவருடைய வழக்குக் கோப்புகளில் ஒன்பது ஏறிவிட்டன, இன்னும் நாலு பாக்கி. ஏறி முடிந்ததும் செவ்வாயும் வியாழனும் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.